கூறு போட்ட கைக்குக் கடைசிக் கூறு

இதை எழுதணும் என்று உட்காருவேன். பேனாவை எடுப்பேன். மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத வருமா என்கிற பயம் ஒன்று. அது சின்னப் பயம்தான். பெரிய பயம் வேறே. அவரைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். “புண்ணியவான், எத்தனை பிள்ளைகளைக் காலேஜ் வாசலில் ஏற்றிவிட்டார்” என்பது பாதிப் பேர் பேச்சு. “ஊர்ப் பிள்ளையைப் பார்த்தார், பெத்த பிள்ளையைத் தொலைத்தார்” என்பது மீதிப் பேர் பேச்சு. நான் அடுத்த வீட்டுக்காரி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு என்று தெரிந்தவள். ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டுவிட்டால் ஆண்டவர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றுதான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்று காலை ஜெபம் முடித்த கையோடு உட்கார்ந்திருக்கிறேன். பார்த்ததையும், பார்த்தவர்கள் சொன்னதையும் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஆலயத்துக்குக் குத்துவிளக்கு போல ஒரு பெரிய லாந்தர் வாங்கிக் கொடுத்தபோது, அதில் பெயர் பொறித்துவிட்டான் என்று கடைக்காரனிடம் சண்டை போட்டு, அதை அரத்தால் தேய்த்து அழித்துக் கொண்டுவந்த மனுஷன். நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். இங்கேயும் அண்ணாச்சியாகவே இருக்கட்டும்.

கோவில்பட்டியில் ஒரு வத்தல் மண்டியில் அவருக்கு வேலை. காட்டிலிருந்து வண்டியில் வரும் மிளகாய் வத்தலை நிறுத்து, சாக்கில் அமுக்கி, வாயைத் தைத்து அனுப்ப வேண்டும். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சாக்கு ஊசி குத்தியிருக்கும். அவர் தெருமுனை திரும்பும்போதே எங்கள் வீட்டில் யாராவது ஒருத்தர் தும்முவோம். “உங்க அண்ணாச்சி வாராரு, கண்ணைத் தொடச்சுக்கோ” என்பார் எங்கள் வீட்டுக்காரர்.

அண்ணாச்சியிடம் ஒரு குணம். எதிலும் கடைசியில் நிற்பார். ஆலயத்தில் கடைசி வரிசை. திருவிருந்துக்கு முழங்கால்படியிடப் போவதும் கடைசியில். சபை கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகையில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் பரிமாறுவார். எல்லாரும் கை கழுவின பிறகுதான் இலை முன்னால் உட்காருவார். ஒரு வருஷம் சோறு தீர்ந்துபோயிற்று. சமையல்காரர் மனசு சங்கடப்படக் கூடாது என்று, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, சாப்பிட்ட ஆள் மாதிரியே வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். நான் பந்திக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அவர் வீட்டம்மாவை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினிக்கு இந்தக் குணம் தொண்டையில் முள். “முதல்ல நிக்கணும்னு முண்டுத ஆளைப் பாத்திருக்கேன். கடைசியில நிக்கிறதுக்கு இப்படி முண்டுத ஆளை ஒலகத்துல எங்கயும் பாத்ததில்ல” என்பாள். பேச்சுக்குச் சொன்னது என்று அப்போது சிரித்தேன். பிறகு யோசித்தால், அவள் அன்றைக்கே சரியான இடத்தில்தான் விரலை வைத்திருக்கிறாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எங்கள் தெருவில் ஏழெட்டு வீடு சேர்ந்து ஒரு ஆடு பிடிப்போம். கூறு போடுவது அண்ணாச்சி. பனையோலைப் பாயை விரித்து, கறி, ஈரல், எலும்பு எல்லாம் எல்லாக் கூறிலும் வருகிற மாதிரி வைப்பார். வைத்தது போதாதென்று தராசில் நிறுத்தும் பார்ப்பார். பிறகு அவருடைய மகன் தங்கராஜ் பாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பான். அவர் ஒரு கூறைத் தொட்டு, “இது யாருக்கு?” என்று கேட்பார். கூறைப் பார்க்காமலே அவன் ஒரு வீட்டின் பேரைச் சொல்லுவான். அந்தக் கூறு அந்த வீட்டுக்கு. யாரும் குறை சொல்ல முடியாது. தன் வீட்டுப் பேரை மட்டும் அவன் நடுவில் சொல்லக் கூடாது. எல்லாரும் எடுத்த பிறகு, “மிச்சம் நம்ம வீட்டுக்கு” என்று சொல்லித் திரும்ப வேண்டும். கூறு போட்ட கைக்குக் கடைசிக் கூறு. எங்கள் பக்கத்து வழக்கம் அது. கத்தி பிடித்தவன் முதலில் எடுத்தால் கத்தி கோணும் என்பார்கள். தங்கராஜ் பால்பல் விழாத வயசிலிருந்து அப்படித் திரும்பி நின்று பழகினவன்.

இந்த ஆட்டுக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், புஸ்தகக் கதை இதிலிருந்துதான் பிறந்தது.

அப்போது எங்கள் பக்கத்தில் காலேஜ் கிடையாது. தங்கராஜும் என் தம்பியும் ஒரே வருஷம் பி.யு.சி. சேர்ந்து, காலைப் பாசஞ்சரில் பாளையங்கோட்டை போய்ச் சாயங்காலம் திரும்புவார்கள். ஓட்டப்பிடாரம், குளத்தூர்ப் பையன்கள் தூத்துக்குடியில் படித்தார்கள். எந்தக் காலேஜாக இருந்தாலும் பௌதிகத்துக்குப் புஸ்தகம் ஒன்றுதான். இங்கிலீஷில் செங்கல் மாதிரி கனமாக இருக்கும். மானம் பார்த்த பூமியில் வெள்ளாமை செய்கிற சம்சாரி அதை வாங்க வேண்டுமானால் வீட்டில் எதையாவது விற்க வேண்டும். காலேஜ் லைப்ரரியில் ஒன்று இருந்ததாம். வசதியான பையன் ஒருத்தன் முதல் வாரமே எடுத்துப் போனான், திரும்பி வரவே இல்லை. இவன்கள் வாத்தியார் சொல்லச் சொல்லக் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு வருவான்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எழுதினவனுக்கே விளங்காது.

ஒரு நாள் எங்கள் வாசலில் இரண்டு பேரும் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். வேலை விட்டு வந்த அண்ணாச்சி நின்று கேட்டார்.

“ஏலே, ஒரு ஆட்டை ஒருத்தனா வாங்குதோம்? ஏழு வீடு சேர்ந்துதான வாங்குதோம். கொம்பு இருக்கிற ஆட்டையே அப்படி வாங்கலாம்னா, கொம்பு இல்லாத புஸ்தகத்துக்கு என்ன?”

சொன்னதோடு நிற்கவில்லை. மண்டிக்கு வத்தல் கொண்டுவருகிற தகப்பன்மாரிடம் பேசினார். காலேஜில் பிள்ளை இருக்கிற வீடெல்லாம் சேர்ந்தது. மதராஸிலிருந்து ரயில் பார்சலில் புஸ்தகம் வந்தது. ஒரு சனிக்கிழமை, நிறுவை முடிந்த பிறகு மண்டியில் எல்லாரும் கூடினார்கள். முழுப் புஸ்தகமும் வீடு வீடாகச் சுற்றும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அண்ணாச்சி ஓலைப் பாயை விரித்தார். மடக்குக் கத்தியைத் திறந்தார். புத்தம்புதுப் புஸ்தகத்தைக் குப்புறப் போட்டு, முதுகை ஒரே இழுப்பாக அறுத்தார்.

ஓட்டப்பிடாரத்துச் சம்சாரி ஒருத்தர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்திருக்கிறார். கும்பிட வேண்டியதைப் போய் அறுக்கிறாயே என்று கேட்டிருக்கிறார்.

“ஆட்டை உயிரோடயா பங்கு வைக்கோம் ஐயா? முழுசா இருந்தா ஒருத்தன் படிப்பான், ஏழு பேரு அவன் மூஞ்சியப் பாப்பானுவ. கூறாக்குனா எட்டுப் பேரும் ஒரே நேரத்துல படிக்கலாம்” என்றார் இவர்.

அத்தோடு விட்டாரா? தாள்களைத் தராசில் வைத்து நிறுத்தார். பாடம் முடிகிற இடம் பார்த்து வெட்டுங்கள் அப்பா என்று தங்கராஜ் சொல்லிப் பார்த்தான். ஒரு பாடம் பெரிசு, ஒரு பாடம் சின்னது, பெரிசு நமக்கு வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டுவிட்டார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத மனுஷன். கண்ணுக்குத் தெரிந்த நியாயம் தராசு முள் ஒன்றுதான். எல்லாக் கூறும் எடையில் சமம். ஒவ்வொன்றுக்கும் சாக்குத் துணியில் மேலட்டை போட்டு, சாக்கு ஊசியால் சணல் நூல் கோத்துத் தைத்தார்.

அதனால் என்ன ஆயிற்று என்றால், வெப்பம் ஓட்டப்பிடாரத்தில் ஆரம்பித்துக் குளத்தூரில் முடிந்தது. வெளிச்சம் பாதி தூரம் போய் நின்றது. என் தம்பிக்கு ஒரு கணக்கின் கேள்வி கிடைத்தது, விடை கிடைக்கவில்லை. அதைத் தேடி வாடகை சைக்கிளில் ஓட்டப்பிடாரம் போனான். அங்கே அந்த வீட்டுக்காரர் கம்பஞ்சோறு போட்டு, படிக்க இடமும் கொடுத்து அனுப்பினாராம். புஸ்தகத்தைத் திறந்தால் மிளகாய் நெடி. அந்த வருஷப் பையன்கள் எல்லாரும் தும்மித் தும்மியே பௌதிகம் படித்தார்கள்.

சனிக்கிழமைதோறும் கூறு கை மாறும். வெளியூர்க் கூறுகள் வத்தல் வண்டியில், வெறுஞ்சாக்குக்குள் சுருட்டி வரும், போகும். மண்டியில் தங்கராஜ் பாய்க்கு முதுகைக் காட்டி நிற்பான். “இது யாருக்கு?” என்பார் அண்ணாச்சி. கடைசியில், “மிச்சம் நம்ம வீட்டுக்கு” என்று சொல்லி அவன் திரும்புவான்.

எட்டுப் பேருக்கு எட்டுக் கூறு இருந்த வரைக்கும் தொல்லை இல்லை. விஷயம் பரவிற்று. விளாத்திகுளத்திலிருந்து ஒருத்தன், பசுவந்தனையிலிருந்து ஒருத்தன் என்று வந்தார்கள். பங்குக்குச் சேராத பிள்ளைகள். அண்ணாச்சிக்கு இல்லை என்று சொல்ல நாக்கு வராது. ஆள் கூடிப்போயிற்று, கூறு கூடவில்லை. சில சனிக்கிழமைகளில், “மிச்சம் நம்ம வீட்டுக்கு” என்று தங்கராஜ் திரும்பும்போது பாய் வெறுமையாகக் கிடக்கும். ரயிலில் என் தம்பி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துக்கொள்வான். அப்படிப் பெரும்பாலும் சமாளித்தான். ஆனால் மின்சாரம் பற்றின கூறு மட்டும் தூத்துக்குடிப் பையன்கள் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அது இந்த ரயிலில் ஏறவே இல்லை. என் தம்பி அதை ஓட்டப்பிடாரம் போனபோதே படித்துவிட்டான்.

மதினி சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை போடுவது எனக்குக் கேட்கும். “ஊர்ப் பிள்ளைக்குக் கறி, பெத்த பிள்ளைக்கு எலும்புகூட இல்லையா? புஸ்தகத்துக்கு நம்ம வீட்டுப் பங்கும் குடுத்துருக்கோம்லா” என்பாள். அண்ணாச்சி குரல் எழும்பாது. அவனுக்குத்தான் தகப்பன் பக்கத்தில் இருக்கிறேனே, தூரத்துப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்பார். அதற்குமேல் பாத்திரம் உருளும் சத்தம்தான் கேட்கும்.

இனி அந்தச் சனிக்கிழமை. நான் அங்கே இல்லை. என் தம்பி நின்று பார்த்தான். அவன் எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன்.

பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மண்டி முற்றத்தில் வத்தல் அம்பாரம் குவிந்து கிடந்த பங்குனி வெயில். ஓட்டப்பிடாரம் வண்டியில் அந்த மின்சாரக் கூறு வந்து சேர்ந்தது. அது இன்னும் கிடைக்காமல் இருந்தது இரண்டே பேருக்கு. ஒருத்தன் தங்கராஜ். இன்னொருத்தன் குளத்தூர்ப் பையன், தகப்பன் உப்பளத்தில் கூலி வேலை. அவனும் அன்றைக்கு வத்தல் வண்டியில் மூட்டை மேல் உட்கார்ந்து வந்திருந்தான். வண்டி உடனே திரும்ப வேண்டும். கூறையே இரண்டாக வெட்டிக் கொடுத்தால் என்ன என்று என் தம்பி கேட்டிருக்கிறான். பரீட்சைக்கு முந்தி மாற்றிக்கொள்ள இன்னொரு சனிக்கிழமை கிடையாது, இரண்டு பேருமே பாதியில் நிற்பார்கள் என்றாராம் அண்ணாச்சி.

வேறொருத்தராக இருந்தால் மகனிடம் கொடுத்துவிட்டு ஊர்ப் பையனிடம் மன்னிப்புக் கேட்கலாம். இல்லாவிட்டால் ஊர்ப் பையனிடம் கொடுத்துவிட்டு மகனைத் தோளில் தட்டலாம். அண்ணாச்சி இரண்டையும் செய்யவில்லை. அந்த ஒற்றைக் கூறுக்காகப் பாயை விரித்தார்.

“ஏலே, திரும்பி நில்லு.”

தங்கராஜ் திரும்பி நின்றான்.

“இது யாருக்கு?”

பாயில் இருப்பது எது என்று அவனுக்குத் தெரியும். யார் யார் காத்திருக்கிறார்கள் என்றும் தெரியும். தன் பேரைச் சொன்னால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்றுவிட்டார்களாம். அவன் முகம் என் தம்பிக்குத் தெரியும்படி இருந்தது. அண்ணாச்சிக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது.

“குளத்தூருக்கு” என்றான்.

குளத்தூர்ப் பையன் குனிந்து எடுத்துக்கொண்டான். வழக்கம்போல ஒன்று பாக்கி இருந்தது. தங்கராஜ் அதையும் சொன்னான். “மிச்சம் நம்ம வீட்டுக்கு.” சொல்லித் திரும்பினான். பாயில் வத்தல் விதை நாலைந்து கிடந்தது, வேறொன்றும் இல்லை. அதைக் கையால் கூட்டி அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தானாம்.

பேப்பரில் நம்பர் வந்தது. என் தம்பி பாஸ். குளத்தூர்ப் பையன் பாஸ். தங்கராஜுக்குப் பௌதிகம் போயிற்று. அந்தக் கூறினால்தான் போயிற்றா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. படித்தும் தோற்கிற பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்த வீட்டில் மூன்று பேருமே அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் உண்மை எது என்று தேடி என்ன பிரயோஜனம்.

குளத்தூர்ப் பையன் அந்தக் கூறைத் திருப்பிக் கொடுக்க வந்தான். நன்றிக்கு ஒரு பொட்டலம் கருவாடு. மதினி அவனை ஒரு சொல் சொல்லவில்லை. உட்காரவைத்துச் சோறு போட்டாள். அவன் போன பிறகு அந்தக் கருவாட்டை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டாள்.

அண்ணாச்சி அந்தக் கூறை எடுத்து, தங்கராஜ் படுக்கப் பாய் விரிக்கிற இடத்துக்கு நேர் மேலே உத்திரத்தில் செருகி வைத்தார். செப்டம்பரில் திரும்ப எழுதலாம். இந்த முறை இது உனக்குத்தான் என்பது அதற்கு அர்த்தம். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படுத்து அண்ணாந்து பார்த்தால் அவனுக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்.

ஆனி மாசக் காற்று புழுதியை வாரி அடிக்கிற ஒரு காலையில் தங்கராஜ் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் பருத்தி ஆய்ந்துகொண்டிருந்தேன். மதினி எப்போதோ வாங்கிப்போன சல்லடையைத் திருப்பித் தந்தான். தூத்துக்குடியில் வேலை பார்க்கப் போகிறேன் அத்தை என்றான். செப்டம்பர் பரீட்சை என்ன ஆச்சு, அப்பாவிடம் கேள், இந்தத் தடவை எல்லாக் கூறும் வாங்கித் தருவார் என்றேன்.

“எங்க அப்பா நல்லவுக அத்தை. கெட்டவுகளா இருந்திருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். இவுககிட்ட என்னத்தச் சொல்லிச் சண்டை போட?” என்றான்.

சிரித்த முகமாகத்தான் சொன்னான். திரும்பி நடந்தான். அந்த முதுகைத்தான் நான் கடைசியாகப் பார்த்தது. தூத்துக்குடியில் அவன் இல்லை. கப்பலில் போனான் என்றார்கள், பம்பாயில் பார்த்தேன் என்றார்கள். நாங்கள் ஜெபித்த ஜெபத்துக்கு அளவில்லை. ஆண்டவருடைய சித்தம் இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை.

பிள்ளை போன பிறகு அண்ணாச்சி கத்தியை மடக்கி வைப்பார் என்று நினைத்தோம். இல்லை. படித்து முடித்த பையன்கள் தங்கள் பழைய புஸ்தகங்களை அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். ரசாயனம் வந்தது, கணக்கு வந்தது. மண்டிப் பின்கட்டில் சாக்கு மேலட்டை போட்ட கூறுகள் அடுக்கடுக்காக ஏறின. இப்போது பாய்க்கு முதுகைக் காட்டி நிற்க வேறு வேறு பையன்கள். “மிச்சம் நம்ம வீட்டுக்கு” என்று சொல்ல ஆள் இல்லை. அந்த இடம் வந்ததும் அண்ணாச்சி பாயைச் சுருட்டிவிடுவார்.

ஆனால் ஒரு மாற்றம் வந்தது. அதைத்தான் எழுதத் தயங்கினேன். பௌதிகக் கூறுகளில் மின்சாரக் கூறு மட்டும் கிடையாது. அது உத்திரத்தில் இருந்தது. அடுத்த வருஷப் பையன்கள் கேட்டார்கள். “அது இல்லப்பா” என்றார். அதற்கடுத்த வருஷமும் அதே பதில். இல்லை என்று சொல்லத் தெரியாத வாய். அந்த ஒன்றுக்கு மட்டும் பழகிக்கொண்டது. அந்தப் பாடம் படிக்காமல் பரீட்சை எழுதித் தோற்ற பையன்கள் இருந்தார்கள். அவன்களுக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும், மதினிக்குத் தெரியும்.

எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரெங்கம்மாள் என்று ஒரு பெண். அந்தச் சுற்று வட்டாரத்தில் காலேஜ் போன முதல் பெண்பிள்ளை என்று சொன்னார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற சம்சாரிக் குடும்பம். மண்டியில் ஆம்பிளைகள் நடுவே வந்து கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டாள். அண்ணாச்சி இன்னும் வரவில்லை. நான் மதினியோடு உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம்தான் படிக்க விட்டிருக்கிறார்களாம். தோற்றால் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். எல்லாம் படித்துவிட்டாளாம், மின்சாரம் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை என்று, அழாமல், தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

மதினி எழுந்தாள். கை புளியைச் சீலையில் துடைத்தாள். முக்காலியைப் போட்டு ஏறி உத்திரத்தில் கையை விட்டாள். அந்தக் கூறு தூசியும் ஒட்டடையுமாக வந்தது. அதைத் தட்டி, அந்தப் பிள்ளை கையில் கொடுத்தாள். சனிக்கிழமை திரும்ப வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

பெத்த பிள்ளைக்குப் பங்கு வேண்டும் என்று அத்தனை வருஷம் சண்டை போட்டவள் அவள். நான் புளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

அண்ணாச்சி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே உத்திரத்தைப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகி இருந்தது. பார்த்தார். நின்றுவிட்டார்.

“எங்க?”

“கூறு போட்டாச்சு” என்றாள் மதினி.

“யாரு போட்டா?”

“நாந்தான். போட்ட கைக்குக் கடைசிக் கூறு. நீங்க சொன்னதுதான. நான் காத்துக் கெடக்கேன், நீங்களும் கெடங்க.”

நான் எழுந்து என் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குமேல் அங்கே இருக்கக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம்கூட இல்லை. பிறகு ஒரு சத்தம் கேட்டது. அண்ணாச்சி அழுது நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மகன் போன அன்றைக்குக்கூட அவர் அழவில்லை.

சனிக்கிழமை அந்தக் கூறு வந்தது. அண்ணாச்சி அதை வாங்கி, அறுந்திருந்த சணலை உருவி, புதுச் சணல் போட்டுத் தைத்து, மற்றக் கூறுகளோடு பாயில் வைத்தார். பிறகு அது எத்தனையோ ஊர் சுற்றிற்று. ரெங்கம்மாள் பாஸ் பண்ணி, டீச்சர் வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன்.

அண்ணாச்சி அதற்குப் பிறகு ரொம்ப நாள் இருக்கவில்லை. மண்டித் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். ஐப்பசியில், காட்டில் விதைப்பு நடக்கிற நேரத்தில் அடக்கம். முந்தின நாள் மழை பெய்து கரிசல் காலை விடாமல் கவ்விற்று. பெட்டியைத் தூக்கினவர்கள் ஒவ்வொரு அடியும் பிடுங்கிப் பிடுங்கி வைத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் எனக்குத் தெரியாத முகங்கள் நிறைய. வேட்டி கட்டினவர்கள், கால்சட்டை போட்டவர்கள், என் தம்பி, அந்தக் குளத்தூர்ப் பையன். அவன் அப்போது எங்கேயோ என்ஜினீயர். சேற்றில் முழங்கால் போட்டு அழுதான்.

எங்கள் சபைப் பாதிரி ஐயர் ஜெபத்தை முடித்து, மண் போடலாம் என்றார். எங்களில் மகன்தான் முதல் பிடி போட வேண்டும். எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். குழியைப் பார்க்கிறார்கள், மதினியைப் பார்க்கிறார்கள். குளத்தூர்ப் பையன் ஒரு எட்டு முன்னால் வைத்து, பிறகு அவனும் பின்வாங்கினான்.

“எல்லாரும் போடுங்கய்யா” என்றாள் மதினி. “எம்பிள்ளை கடைசியில போடுவான். அவிய வீட்டு வழக்கம் அதுதான்.”

ஒவ்வொருத்தராகப் போட்டார்கள். ஈரக் கரிசல் பெட்டி மேல் சத்தமில்லாமல் விழுந்தது. எல்லாரும் முடித்த பிறகு மதினி குனிந்து ஒரு பிடி அள்ளினாள். குழிக்குள் போடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மதினியும் போய்ச் சேர்ந்து காலமாயிற்று. போவதற்கு முன்னால் அந்த மண்ணை ஒரு தகரடப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தாள். என் வீட்டில் வேதப்புஸ்தகம் இருக்கிற பலகையில் அது இருக்கிறது. காய்ந்து கல்லாகிவிட்டது. கரிசல் அல்லவா, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் இளகிவிடும்.

அண்ணாச்சி நல்லவரா, பிள்ளைக்குத் துரோகம் செய்தவரா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தத் தராசு என் கையில் இல்லை. இதை வாசிக்கிறவர்களிடம் எனக்கு வேண்டியது ஒன்றுதான். நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவர்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்லட்டும். அந்தக் கூறுகள் வண்டியிலும் பஸ்ஸிலும் எங்கேயோ போய்ச் சேர்ந்ததுபோல, இதுவும் வடக்கே ஏதாவது ஒரு ஊரில் வயசாகிப்போன ஒரு மனுஷன் காதில் போய் விழலாம். ஆனால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை மட்டும் கூறு போடாதீர்கள். கும்பிடுகிறவர்களுக்கு ஒரு கூறு, ஏசுகிறவர்களுக்கு ஒரு கூறு என்று பிரித்துக் கொடுக்காதீர்கள். பரீட்சையையும் சொல்லுங்கள், உத்திரத்தையும் சொல்லுங்கள், அவர் அழுததையும் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முழுசாகக் கொடுங்கள்.

கேட்கிறவன் தங்கராஜாக இருந்தால், எல்லாரும் போட்டாயிற்று, மிச்சம் அவன் பிடிதான் என்று அடுத்த வீட்டு அத்தை சொல்லச் சொன்னாள் என்று சொல்லுங்கள்.